ஐந்து கட்டைக் குரலுக்கு எந்த ஆடிஷன் பாட்டு?

கேட்டவர் தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த்தில் இருக்கும் 19 வயதுப் பெண். ஆறு வருடம் கர்நாடக சங்கீதம் படித்தவர், 5 கட்டை சுருதி, கோயிலில் தேவாரம் பாடுகிறவர். வருகிற ஜூலையில் ஜொஹானஸ்பர்க்கில் ஒரு இசை நாடகத்துக்கு ஆடிஷன். 16 பார், அதாவது 16 தாளச் சுற்று, பாட வேண்டும், பியானோவுக்கான நோட்டேஷனையும் தானே கொண்டுபோக வேண்டும். 'விக்கிட்' நாடகத்தின் பெயர்பெற்ற உச்சக்குரல் பாட்டான 'டிஃபையிங் கிராவிட்டி' மேல் ஆசை. அதன் உச்ச சுரம் ஐந்து தடவை பாடினால் மூன்று தடவை சரியாக விழுகிறதாம். பள்ளிக் கொயரில் ஆல்ட்டோ (பெண்களின் தாழ்குரல்) வரிசையில் நிறுத்தினார்கள்; கோயிலிலோ, மேல் ஸ்தாயி இவ்வளவு நன்றாகப் போகிறதே, நீ சோப்ரானோதான் (பெண்களின் உயர்குரல்) என்கிறார்கள். எந்தப் பாட்டைப் பாடட்டும் என்பது கேள்வி. எனக்கு அதற்குள் இன்னொரு கேள்வியும் கேட்கிறது: கோயிலில் பாடிப் பழகிய இந்தக் குரலை அந்த மேடையில் எடுத்துக்கொள்வார்களா? இரண்டுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

நான் டர்பனில் 20 வருடத்துக்கு மேலாகக் குரல் பயிற்சி கொடுத்து வருகிறேன். ஆடிஷன்களில் பியானோவும் வாசிக்கிறேன். நானும் சரளி வரிசையில் தொடங்கி, அப்புறம்தான் மேற்கத்திய முறைக்குப் போனேன். உங்கள் குரலை நான் கேட்டதில்லை. கேட்காமல் ஒரு பாட்டின் பெயரைச் சொன்னால் அது ஜோசியம் ஆகிவிடும். எப்படித் தேடுவது என்பதைச் சொல்ல முடியும்.

முதலில், எனக்குச் சந்தேகமே இல்லாத ஒன்று. ஐந்துக்கு மூன்று போதாது. வீட்டில், தொண்டை சூடேறிய பிறகு, யாரும் பார்க்காதபோது வரும் மூன்று அது. ஆடிஷனில் ஒரே ஒரு தடவைதான் பாடப்போகிறீர்கள். வாய் வறண்டிருக்கும், மூச்சு நெஞ்சோடு நின்றுவிடும், நினைத்ததைவிட வேகமாக ஆரம்பித்துவிடுவீர்கள். பத்துக்குப் பத்து வரும் பாட்டைத்தான் உள்ளே கொண்டுபோக வேண்டும். என் மாணவர்களுக்கு ஒரு பரீட்சை வைப்பேன்: மாடிப்படி மூன்று தடவை ஏறி இறங்கி, அந்த மூச்சோடு வந்து பாடச் சொல்வேன். அப்போதும் நிற்கிற பாட்டு, தேர்வுக்குழு முன்னாலும் நிற்கும்.

இப்போது உங்கள் குரலைப் பியானோவில் வைத்துப் பார்ப்போம். 5 கட்டை என்றால் உங்கள் ஷட்ஜம் நடு சி-க்குக் கீழே இருக்கும் ஜி. மந்திர பஞ்சமம் அதற்கும் கீழே டி. தார ஷட்ஜம் நடு சி-க்கு மேலே உள்ள ஜி. தார பஞ்சமம் அதற்கு மேலே வரும் டி. கச்சேரியில் பாடகர்கள் பெரும்பாலும் புழங்குவது மந்திர பஞ்சமத்துக்கும் தார பஞ்சமத்துக்கும் நடுவில்தான். கோயிலில் எல்லோரையும் சிலிர்க்க வைக்கிற உங்கள் உச்சம் அந்த டி என்று வைத்துக்கொள்ளலாம். சோப்ரானோக்களுக்கு வழக்கமாகச் சொல்லும் எல்லை, நடு சி-யிலிருந்து இரண்டு ஸ்தாயி மேலே வரை. உங்கள் தார பஞ்சமம் அந்த எல்லையின் நடுவில்தான் வருகிறது. பள்ளிக் கொயரில் உங்களை ஆல்ட்டோவில் நிறுத்தியவர் காது கேட்டுத்தான் நிறுத்தியிருக்கிறார்.

அந்த 'விக்கிட்' பாட்டின் உச்சம் இன்னும் மேலே, எஃப். உங்கள் கணக்கில் அது தார ஸ்தாயி கைசிகி நிஷாதம். உங்கள் பாட்டு டீச்சர் என்றைக்காவது உங்களைத் தார நிஷாதத்தில் முழுக்குரலோடு நிற்கச் சொல்லியிருக்கிறாரா? உங்கள் ஆதார ஷட்ஜத்துக்குக் குரல் நாண்கள் நொடிக்கு 196 தடவை அதிர்ந்தால் போதும். அந்த எஃப்-க்கு ஏறத்தாழ 700 தடவை அதிர வேண்டும். 'பெல்ட்' என்று சொல்லும் அந்த அழுத்தமான நெஞ்சுக்குரல் நிறத்தோடு அங்கே போவது, பல வருடப் பழக்கம் உள்ளவர்களுக்கே கஷ்டமான வேலை. அந்தப் பாட்டு 2003-இல் பிராட்வேயில் மேடையேறியது. அதிலிருந்து உலகம் முழுக்க இளம்பெண்கள் ஆடிஷனுக்கு அதைத்தான் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். உங்களுக்குள் இருக்கிற ஆசை எனக்குப் புரிகிறது. வீட்டில் பாடுங்கள், குளிக்கும்போது பாடுங்கள். இந்த ஜூலைக்கு வேண்டாம்.

அப்படியானால் நான் ஆல்ட்டோவா என்று கேட்பீர்கள். இங்கேதான் உறுதி குறைகிறது. கர்நாடக சங்கீதத்தில் நம்மை வாய் திறந்து, அகாரத்தில், உடம்பிலிருந்து வரும் குரலில் பாடப் பழக்குகிறார்கள். மேலே போகும்போது குரல் மெலிந்து தலைக்குள் ஏறினால், "கள்ளக் குரல் வேண்டாம்" என்று ஒரு அதட்டல் வரும். நானும் அதை வாங்கியிருக்கிறேன். அந்த மரபுக்கு அது சரி. ஆனால் மேற்கத்திய செவ்வியல் முறையில் பெண்களின் மேல்குரல் முழுக்க அந்தத் தலைக்குரலில்தான் கட்டப்படுகிறது. அதைத் திருட்டு என்று யாரும் நினைப்பதில்லை. ஆகவே உங்கள் மேல்பாதி இன்னும் யாரும் உழாத நிலம். இரண்டு வருடம் பழகினால் அங்கே நல்ல சோப்ரானோ முளைக்கலாம், இரண்டுக்கும் நடுவிலான மெஸ்ஸோவாகவே நிற்கவும் செய்யலாம். 19 வயதில் குரல் முழுதாக முதிர்ந்திருக்காது. இருபதுகளிலும் மாறிக்கொண்டுதான் இருக்கும். அதனால் இந்தப் பெயர்களில் எதையும் இப்போதே பச்சை குத்திக்கொள்ளாதீர்கள். விண்ணப்பத்தில் குரல் வகை கேட்டால் 'மெஸ்ஸோ' என்று எழுதுங்கள். உண்மைக்கு அதுதான் பக்கம்.

இதில் உங்களுக்குச் சாதகமான செய்தியும் இருக்கிறது. உங்களுக்கு நன்றாகப் பழகிய இடம், அதாவது ஷட்ஜம் முதல் தார மத்தியமம் வரை, இசை நாடகத்தில் பேச்சோடு ஒட்டிய பெண் பாடல்கள் குடியிருக்கும் இடமும் கிட்டத்தட்ட அதுதான். ஓபரா படித்துவிட்டு வரும் பெண்கள் அந்தப் பகுதியில் தெளிவாகப் பேசுவது போலப் பாடத் திணறுவதைப் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு அங்கே ஆறு வருட உழைப்பு இருக்கிறது.

ஒரு பாட்டு எவ்வளவு உயரம் போகிறது, எவ்வளவு தாழ்வாக இறங்குகிறது என்று மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். அதன் பெரும்பாலான சொற்கள் எந்த சுரங்களில் உட்கார்ந்திருக்கின்றன என்று பாருங்கள். ஒரே உச்சம் உள்ள இரண்டு பாடல்களில், ஒன்று அந்த உச்சத்தை ஒரு தடவை தொட்டுவிட்டு இறங்கிவிடும்; மற்றது அதற்கு அரைப்படி கீழேயே இரண்டு பக்கம் தொங்கிக்கொண்டிருக்கும். இரண்டாவதைப் பாடிவிட்டு வருகிறவர்களின் கழுத்து நரம்பு பியானோ முன்னால் உட்கார்ந்திருக்கும் எனக்கே தெரியும். வீட்டில் இப்படிச் செய்யுங்கள். நேற்று டாக்ஸியில் வந்தபோது என்ன நடந்தது என்று யாருக்காவது சொல்வது போல இரண்டு நிமிடம் போனில் பேசிப் பதிவு செய்யுங்கள். அதைக் கேட்டுக்கொண்டே, உங்கள் பேச்சு அதிகமாக வந்து விழும் சுரத்தைக் கீபோர்டில் தேடுங்கள். பெண்களுக்கு அது பெரும்பாலும் நடு சி-க்குக் கொஞ்சம் கீழே, ஜி அல்லது ஏ பக்கம் இருக்கும். பாட்டின் முதல் வரிகள் அந்தச் சுரத்தை ஒட்டித் தொடங்கி, பாட்டின் பெரும்பகுதி அதற்கு மேல் ஒரு ஸ்தாயிக்குள் நடமாடி, ஓரிரு இடத்தில் மட்டும் மேலே எட்டினால், அது உங்கள் பாட்டாக இருக்க வாய்ப்பு அதிகம்.

கீயை, அதாவது பாட்டின் சுருதியை, இறக்கிக்கொள்ளலாமே என்று தோன்றும். இறக்கலாம், அதில் தப்பில்லை. அந்த நாடகத்தின் அதே பாத்திரத்துக்கு, அதே பாட்டைப் பாடச் சொன்னால் மட்டும் மூலக் கீயிலேயே பாட வேண்டும், ஏனென்றால் வாத்தியக்காரர்களின் தாள்கள் அந்தக் கீயில் எழுதப்பட்டிருக்கும். நம் கச்சேரியில் பாடகர் சொல்வதுதான் சுருதி; இங்கே அப்படிக் கிடையாது. ஆனால் கீயை இறக்கினால் கூரையோடு தரையும் இறங்கும் என்பதை மறந்துவிடுவார்கள். என்னிடம் வந்த ஒரு பையன், நல்ல பாரிட்டோன் (ஆண்களின் நடுக்குரல்), ஒரு டெனர் (ஆண்களின் உயர்குரல்) பாட்டை மூன்று அரைச்சுரம் இறக்கிக் கொண்டுவந்தான். உச்சம் சுகமாக வந்தது. முதல் நான்கு வரி யாருக்கும் கேட்கவே இல்லை. தேர்வுக்குழு அந்த நான்கு வரியிலேயே பேனாவை எடுத்து எழுதத் தொடங்கிவிட்டது.

குரலுக்குப் பாட்டை அளவெடுத்துத் தைப்பது ஒன்றும் குறுக்குவழி கிடையாது. 1973-இல் இசையமைப்பாளர் ஸ்டீபன் சோன்ட்ஹைம் 'சென்ட் இன் தி கிளௌன்ஸ்' பாட்டை கிளினிஸ் ஜான்ஸ் என்ற நடிகைக்காகவே எழுதினார். அவருக்கு இனிமையான குரல், ஆனால் சுரத்தை நீட்டிப் பிடிக்க முடியாது. அதனால்தான் அந்தப் பாட்டில் வரிகள் குட்டிக் குட்டிக் கேள்விகளாக, மூச்சுக்கு இடம் விட்டு முடிகின்றன. அந்தக் குறையிலிருந்து பிறந்த வடிவத்தைத்தான் இன்று எல்லோரும் அழகு என்கிறார்கள். அதற்காக அந்தப் பாட்டையே நீங்கள் எடுக்க வேண்டாம். வாழ்க்கையில் பாதியைக் கடந்துவிட்ட ஒரு நடிகை பாடுவது அது. 19 வயது வாயில் அந்த வருத்தம் நிற்காது. குரல் அளவு எவ்வளவு முக்கியமோ, வயது அளவும் அவ்வளவு முக்கியம்.

எங்கே தேடலாம் என்றால், 1920களிலிருந்து 1940கள் வரை வந்த அமெரிக்க மேடைப் பாடல்களில் தொடங்குங்கள். கெர்ஷ்வின், ரிச்சர்ட் ரோட்ஜர்ஸ், கோல் போர்ட்டர் மாதிரியானவர்கள் எழுதியவை. சொல்லுக்கு இடம் கொடுத்து எழுதப்பட்டவை, நடுக்குரலுக்கு இதமானவை. இன்னொரு சௌகரியம்: அவற்றில் பலவற்றின் மையப்பகுதி சரியாக 32 பார். எட்டு எட்டாக நான்கு துண்டு. முதல் மெட்டு, மறுபடி அதே மெட்டு, வேறொரு மெட்டு, கடைசியில் முதல் மெட்டுக்குத் திரும்புதல். அனுபல்லவி பாடிவிட்டுப் பல்லவிக்கு வருகிற மாதிரி. அதனால் கடைசி 16 பாரை எடுத்தால் ஒரு புறப்பாடும் ஒரு திரும்பலும் தானாக அமைந்துவிடும், கத்தரித்த மாதிரியே தெரியாது. நாலு தட்டுப் பாட்டில், நிமிடத்துக்கு 80 தட்டு வேகத்தில், 16 பார் என்பது 48 நொடி. 120 தட்டு என்றால் வெறும் 32 நொடி. அவ்வளவுதான் உங்கள் நேரம். அதற்குள் ராகத்தை விரிக்க முடியாது. முதல் சொல்லிலேயே ஆள் தெரிய வேண்டும்.

இது தெருக்கூத்துக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். கரும்புத் தோட்டத்துக்கு வந்த நம் ஆட்கள் அந்தக் கூத்தையும் இந்த மண்ணுக்குக் கொண்டுவந்தார்கள். உங்கள் வீட்டு ஆயாவைக் கேட்டால் விடிய விடிய நடந்த கூத்தைப் பற்றிச் சொல்லக்கூடும். அதில் வேடக்காரர் திரைக்குப் பின்னால் நின்றபடியே பாடத் தொடங்குவார். முகம் தெரிவதற்கு முன்னால், வருவது ராஜாவா முனிவரா என்று குரலும் மெட்டும் சொல்லிவிடும். ஆடிஷன் பாட்டையும் அப்படி நினைத்துக்கொள்ளுங்கள். யார் பேசுகிறார், யாரிடம், எதற்காக இப்போது? இந்த மூன்றுக்கும் பதில் சொல்ல முடியாத பாட்டு, சுரம் எவ்வளவு பொருந்தினாலும் வேண்டாம். தேவாரம் பாடுகிற உங்களுக்கு இது புதிதில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒருவரை எதிரே நிறுத்தி, அவரைப் பெயர் சொல்லி அழைத்து, கெஞ்சி, உரிமையோடு கேட்டுத்தானே பாடுகிறீர்கள்? அந்தப் பழக்கம் இல்லாமல் சுவரைப் பார்த்துப் பாடுகிறவர்கள்தான் அதிகம். கோயில் குரல் எடுபடுமா என்ற உங்கள் பயத்துக்கு என் பதில் இதுதான்: கோயிலில் கற்ற அந்த நேர்ப்பேச்சை அப்படியே கொண்டுபோங்கள்.

விட்டுவிட்டுப் போக வேண்டியது கமகம். நம் தொண்டை ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு அசைந்துதான் போகும், அதைத் தப்பு என்று நம் காது சொல்லாது. அங்கே ஆங்கிலச் சொல் குழைந்துபோய்விடும். தம்புரா ஆப்பை 5 கட்டையில் வைத்து, ஒவ்வொரு சுரத்தையும் அசைவே இல்லாமல் எட்டு எண்ணிக்கை பிடியுங்கள். அப்புறம் பாட்டின் வரியை அதே நேர்க்கோட்டில் பாடுங்கள். உயிரெழுத்தையும் கவனியுங்கள். மேலே நீட்ட வேண்டிய சுரத்தில் எந்த ஓசை வருகிறது? 'ஆ', 'ஏ' வந்தால் பெரும்பாலானவர்களுக்கு வழி திறந்திருக்கும். 'ஈ', 'ஊ' வந்தால் உங்கள் உயரத்தில் இறுகும். 'நைட்' மாதிரிச் சொல்லில் 'ஆ'வைப் பிடித்துக்கொண்டே இருந்து கடைசி நொடியில் 'இ'யைத் தொட்டு மூடுங்கள். இரண்டு பாடல்களுக்கு நடுவே தடுமாறினால், உச்ச சுரத்தில் நல்ல உயிரெழுத்து உள்ளதை எடுங்கள்.

ஆசிரியர்கள் ஒத்துப்போகாத விஷயங்களும் உண்டு. எல்லோரும் பாடும் பாட்டைத் தவிர்க்க வேண்டுமா? சிலர் கட்டாயம் என்பார்கள். எனக்கென்னவோ, உங்களுக்குப் பொருந்திய பிரபலமான பாட்டு, பொருந்தாத அபூர்வப் பாட்டைவிட மேல் என்றுதான் படுகிறது. இது என் கருத்து, அவ்வளவுதான். பெல்ட் குரலைக் கெடுக்குமா என்பதிலும் சண்டை உண்டு. முறையாகப் பழகினால் கெடுக்காது என்ற பக்கம்தான் நானும். ஆனால் வலி என்பது எந்த முறையிலும் அபாய அறிவிப்பு. மூன்று வாரத்துக்கு மேல் கரகரப்பு நின்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். தமிழில் பாடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். அறிவிப்பில் வேறு மொழிக்கு இடம் இருந்தால் இரண்டாவது பாட்டாக வைத்திருங்கள், முதலாவதாக வேண்டாம். அதேபோல, நாடு முழுக்கப் பாடுகிறார்களே என்று ஒரு இசிஜூலு (ஜூலு மொழி) பாட்டை எடுத்தால், ஒவ்வொரு சொல்லுக்கும் பொருளும் உச்சரிப்பும் அந்த மொழிக்காரர் ஒருவரிடம் கேட்டுக் கற்ற பிறகே எடுங்கள்.

நோட்டேஷன் தாள் விஷயம். பியானோக்காரராகக் கெஞ்சிக் கேட்கிறேன். ஒரு பெண் கொண்டுவந்த ஜெராக்ஸில் பக்கத்தின் அடிவரி வெட்டுப்பட்டிருந்தது. என் இடது கைக்கு வாசிக்க ஒன்றுமே இல்லை. தாள்கள் தனித்தனியாக வேறு இருந்தன. மின்விசிறிக் காற்றில் இரண்டாம் பக்கம் பறந்து, அவள் பாடிக்கொண்டே அதைக் குனிந்து எடுத்தாள். ஃபைலில் போடுங்கள், எதிரெதிர்ப் பக்கமாக ஒட்டுங்கள், நீங்கள் பாடும் கீயிலேயே அச்சிடுங்கள், தொடங்கும் இடத்தையும் முடியும் இடத்தையும் சிவப்பில் குறியுங்கள். கீயை அந்த நிமிடத்தில் மாற்றி வாசிக்கச் சொல்லாதீர்கள். வேகத்தைச் சொல்ல விரலைச் சொடுக்க வேண்டாம். பாட்டின் இரண்டு வரியை மெதுவாகப் பாடிக் காட்டினால் புரிந்துகொள்வோம்.

ஜொஹானஸ்பர்க் கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 1,750 மீட்டர் மேலே இருக்கிறது, ஜூலையில் காற்று காய்ந்து கிடக்கும். டர்பன் ஈரக்காற்றில் வளர்ந்த தொண்டைக்கு இரண்டும் புதிது. மூச்சு சீக்கிரம் தீர்கிற மாதிரி இருக்கும். ஆகவே நீண்ட வரிகள் உள்ள பாட்டானால், இங்கேயே இரண்டு மூச்சிடம் கூடுதலாகக் குறித்துப் பழகுங்கள். இரவு பஸ்ஸில் போய் இறங்கி நேரே பாடாமல், முடிந்தால் ஒரு நாள் முன்னால் போய்விடுங்கள். குடிக்கும் தண்ணீர் குரல் நாண்களின் மேல் விழாது, அது வேறு குழாய். உடம்பெல்லாம் சுற்றித்தான் அங்கே ஈரம் சேரும். அதனால் முந்தின நாளிலிருந்தே குடிக்க வேண்டும். வாசலில் நின்று ஒரு பாட்டிலைக் காலி செய்வதில் பயன் குறைவு. கோயில் விசேஷத்தையும் கணக்கில் வையுங்கள். என் மாணவி ஒருத்தி குட் ஃபிரைடே அன்று இசிபிங்கோ மாரியம்மன் கோயிலில் நாள் முழுக்கப் பாடிவிட்டு, அடுத்த செவ்வாய்க்கிழமை ஆடிஷனுக்குக் காற்றாக வந்து நின்றாள். பக்திக்கு நான் தடை சொல்லவில்லை. அந்த வாரம் மட்டும் பின்பாட்டுப் பாடுங்கள்.

கடைசியாக ஒன்று. எந்தப் பாட்டை எடுத்தாலும் அதன் முதல் சுரம் உங்கள் ஷட்ஜத்திலிருந்து எங்கே இருக்கிறது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். நடு சி-யில் தொடங்கினால் அது உங்கள் சுத்த மத்தியமம். டி-யில் தொடங்கினால் பஞ்சமம். ஒரு வருடம் நான் வாசித்துக்கொண்டிருந்த ஆடிஷனில், நான்காவது ஆள் உள்ளே வந்ததும் லோட் ஷெட்டிங். கீபோர்டு செத்துவிட்டது. ஜன்னல் வெளிச்சம் மட்டும். வேண்டுமானால் காத்திருக்கலாம் என்றார்கள். அந்தப் பெண்ணும் நம்மைப் போல ஷட்ஜத்தில் வளர்ந்தவள். ஒரு நொடி கண்ணை மூடி, எனக்கு மட்டும் கேட்கும் அளவில் 'ஸா' என்று முனகி, அங்கிருந்து 'மா'வுக்குப் போய், அந்தச் சுரத்திலேயே முதல் சொல்லை எடுத்தாள். நான் மடியில் கையை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.